தம்பியை ரிமாண்ட் செய்துவிட்டார்கள், இனி எந்த வாசலுக்குப் போவது?

தொண்டிக்கு அருகிலுள்ள கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடி வலை போட்டது தொடர்பாக விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் கரையில் மூண்ட மோதலில், அவருடைய தம்பியைக் கொலை முயற்சி வழக்கில் கைது செய்து, திருவாடானையில் ரிமாண்ட் செய்து, ராமநாதபுரம் மாவட்டச் சிறையில் அடைத்திருக்கிறார்கள். எப்போது போய்ப் பார்க்கலாம், என்ன கொண்டுபோகலாம், உள்ளே எப்படி நடத்துவார்கள், மதுரைக்கு மாற்றிவிடுவார்களா, எப்போது வெளியே வருவார் என்பவை அவருடைய கேள்விகள். சித்தப்பா மகன் யாழ்ப்பாணச் சிறையில் இருந்தபோது வீட்டிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்க முடியவில்லையே, இங்கும் அப்படித்தானா என்றும் கேட்கிறார். இம்மாவட்டத்து நீதிமன்றங்களில் குற்றவியல் வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வழக்கின் உண்மை பொய்க்குள் நான் போகவில்லை. அது அவருடைய வழக்கறிஞரின் வேலை.

கைதான முதல் வாரத்தில் நம் பகுதிக் குடும்பங்கள் படுகிற அலைச்சலில் பெரும்பகுதி, சம்பந்தமில்லாத வாசலில் போய் நிற்பதால் வருவது. காவல் நிலையத்துக்குப் போய் எப்போது விடுவீர்கள் என்று கேட்பார்கள்; ரிமாண்ட் ஆன பிறகு ஒருவரை விடுகிற அதிகாரம் ஆய்வாளரிடம் இல்லை. சிறை வாசலில் நின்று ஜாமீனைப் பற்றிக் கேட்பார்கள். சிறைக் கண்காணிப்பாளர் நினைத்தாலும் அதில் ஒன்றும் செய்ய முடியாது. நீதிமன்றத்துக்கு வந்து, தம்பிக்கு உள்ளே போர்வை கொடுக்கவில்லை என்று அலுவலக எழுத்தரிடம் முறையிடுவார்கள். அவர் பாவம், கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். ஒருவரை உள்ளே வைத்திருப்பதும் வெளியே விடுவதும் நீதிமன்றத்தின் உத்தரவைப் பொறுத்தது. உள்ளே எந்தப் பகுதியில் வைப்பது, என்ன தருவது, யாரை எப்போது பார்க்க விடுவது என்பது சிறை நிர்வாகத்தின் பொறுப்பு. குற்றப்பத்திரிகை எப்போது வரும் என்பது காவல்துறையின் கையில் இருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

கைது செய்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. நம் ஊர்களில் பல ரிமாண்டுகள் இரவில், நடுவரின் குடியிருப்பிலேயே நடக்கின்றன. குடும்பத்தார் தெருவில் நிற்பார்கள், வேன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. உடம்பில் அடிபட்ட காயம் இருந்தால் அதை நடுவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகு சிறையில் சேர்க்கும்போதும் மருத்துவர் பார்த்துக் காயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட பிறகு இறந்தபோது, காயத்தோடு வந்தவர்களை மருத்துவரும் நடுவரும் சிறையும் எப்படிக் கடந்துபோக விட்டார்கள் என்ற கேள்விதான் நாடு முழுவதும் எழுந்தது. எனவே உங்கள் தம்பியை முதன்முறை பார்க்கும்போது நலம் விசாரிப்பதோடு நிறுத்தாமல், காயம் ஏதும் உண்டா, சேர்க்கையின்போது அதை எழுதினார்களா என்று கேளுங்கள். எழுதவில்லை என்றால் வழக்கறிஞர் மூலம் மறுநாளே நடுவரிடம் மனுக் கொடுக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்ற விளக்கத்தைத் தமிழ்நாட்டில் நாம் நிறையக் கேட்டுவிட்டோம்.

சிறைகள் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. தமிழ்நாட்டில் அவற்றை நடத்துவது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. காவல்துறை வேறு, இது வேறு. சிறையில் காக்கி உடுத்தியிருப்பவர்கள் சிறைக் காவலர்கள், உங்கள் தம்பியைக் கைது செய்த காவல் நிலையத்தோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் மத்திய சிறைகள் இருக்கின்றன. மாவட்ட அளவில் மாவட்டச் சிறைகளும், அதற்குக் கீழே கிளைச் சிறைகளும் உண்டு. ராமநாதபுரத்தில் இருப்பது மாவட்டச் சிறை. அங்கே பெரும்பாலும் விசாரணைக் கைதிகள்தான் இருப்பார்கள், அதாவது குற்றம் இன்னும் தீர்ப்பாகாதவர்கள். நீண்ட தண்டனை பெற்றவர்களுக்கு இடம் மத்திய சிறை. 18 வயது நிரம்பாத சிறுவனைச் சிறையில் அடைக்கவே கூடாது. அவனை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். படகில் போகும் பையன்கள் சிலர் வேலை கிடைப்பதற்காக வயதைக் கூட்டிச் சொல்லிப் பழகியிருப்பார்கள். காவல் நிலையத்திலும் அதையே சொல்லிவிடுவார்கள். அப்படி யாராவது இருந்தால் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ உடனே நீதிமன்றத்தில் கொடுங்கள்.

எதிர்த்தரப்பினரும் அதே சிறையில் இருந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் கேள்வியில் நேராக இல்லை, ஆனால் கவலையில் இருக்கும். இரு தரப்பையும் வெவ்வேறு பகுதிகளில் வைப்பது வழக்கம். உயிருக்கு அச்சம் உண்டென்றால் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள், அதன் நகலை நீதிமன்றத்திலும் கொடுங்கள். அதே சமயம், பாதுகாப்பு என்ற பெயரில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைக்கும் பழக்கம் தென்மாவட்டச் சிறைகளில் இருந்துவந்தது. பாளையங்கோட்டைச் சிறையில் நிலவிய அந்த ஏற்பாட்டை, மோதலைத் தவிர்க்க என்ற காரணத்துக்காக உயர் நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டதும் உண்டு. 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. சாதியைக் கொண்டு கைதிகளைப் பிரிப்பதும், கழிவறை சுத்தம் செய்வது போன்ற வேலையைச் சாதி பார்த்துக் கொடுப்பதும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்து, சிறை விதிகளைத் திருத்தச் சொன்னது. ஆகவே உங்கள் தம்பியிடம் யாராவது என்ன ஆள் என்று கேட்டு வேலை ஒதுக்கினால், அது அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை, முறையிடத்தக்க குற்றச்சாட்டு.

உள்ளே சேர்க்கும்போது பெயர், அங்க அடையாளம், புகைப்படம், கைரேகை எல்லாம் எடுப்பார்கள். கையிலிருக்கும் பணம், செல்போன், மோதிரம், அரைஞாணில் வெள்ளி இருந்தால் அதையும்கூட வாங்கிப் பட்டியல் போட்டு வைப்பார்கள். அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பார்க்க வேண்டும். காலையில் கதவு திறந்து கணக்கெடுப்பார்கள், மாலை இருட்டுவதற்குள் மறுபடி கணக்கெடுத்து அடைப்பார்கள். இடையில் மூன்று வேளைச் சாப்பாடு. விசாரணைக் கைதி வேலை செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. தன் சொந்த உடையை அவர் உடுத்தலாம். பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தார் கட்டும் பணம் அவர் பெயரிலுள்ள கணக்கில் சேரும், அதிலிருந்து சிறைக் கேன்டீனில் சோப்பு, பிஸ்கட், எண்ணெய் போன்றவற்றை வாங்கிக்கொள்வார். அந்தக் கணக்கை உள்ளே பி.சி.பி. என்பார்கள். வெளியில் யாராவது, தம்பிக்கு உள்ளே வசதி செய்து தருகிறேன், என்னிடம் கொடுங்கள் என்று வந்தால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத பணம் உங்கள் தம்பியைச் சேராது.

இனி, மனு. சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போவதற்கு நம் பக்கத்தில் வழங்கும் சொல் அதுதான். மனுப் போட்டுப் பார்த்தேன் என்பார்கள். அதற்கான நாளும் நேரமும் கைதியின் வகையைப் பொறுத்தவை. விசாரணைக் கைதியைத் தண்டனைக் கைதியைவிட அடிக்கடி பார்க்கலாம். அந்தந்தச் சிறையின் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதுதான் செல்லும். பக்கத்து ஊர்க்காரர் போன வருஷம் பார்த்துவிட்டு வந்து சொன்ன நேரத்தை நம்பித் தொண்டியிலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்காதீர்கள். முதல்முறை போகும்போது காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆதார் அட்டை போன்ற அடையாளச் சான்று, கைதியின் முழுப் பெயர், தந்தை பெயர், வழக்கு எண், காவல் நிலையம் ஆகிய விவரங்கள் தேவைப்படும். உறவுமுறை கேட்பார்கள்; அக்கா என்றால் அக்கா என்றே சொல்லுங்கள், விரைவாக விடுவார்கள் என்று மனைவி, தாய் என்று மாற்றிச் சொல்லிப் பிறகு மாட்டிக்கொள்ள வேண்டாம். பெயரைப் பதிந்து, படம் எடுத்து, முறை வரும்போது கூப்பிடுவார்கள். நடுவில் தடுப்பு இருக்கும். பல சிறைகளில் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்டர்காம் வைத்துத்தான் பேச வேண்டும். நேரம் குறைவு என்பதால் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது புத்திசாலித்தனம், ஏனென்றால் முதல் பார்வையில் பாதி நேரம் அழுகையிலேயே போய்விடும். நேரில் வர முடியாதவர்கள் தேசிய சிறைத் தகவல் தளத்தில் இ-முலாகாத் என்ற முறையில் முன்பதிவு செய்து, அனுமதி கிடைத்தால் செல்போனில் காணொலி வழியே பேசலாம். வெளிநாட்டில் கப்பலிலோ கடையிலோ வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கு இது பெரிய உதவி.

வாசலில் சோதனை உண்டு. 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். சோதனைக்கு உடன்பட மறுத்தால் உள்ளே விட மாட்டார்கள். செல்போன், சிம் அட்டை, பீடி, புகையிலை, போதைப்பொருள், கூரான பொருள் எதையும் கொண்டுபோகாதீர்கள். தடைசெய்த பொருளை உள்ளே கடத்த முயல்வது தனிக் குற்றம், பார்க்கப் போனவரே கைதியாகி உள்ளே போன கதைகள் உண்டு. சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் ஆட்களுக்கு மனம் கேட்பதில்லை. ராமநாதபுரம் சிறை வாசலில் ஒருநாள் வயதான தாய் ஒருவர் எவர்சில்வர் தூக்குவாளியில் நண்டுக் குழம்பும், வாழை இலையில் சுற்றிய சோறும் கொண்டுவந்திருந்தார். காவலர் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னார்: "ஆத்தா, இது உள்ள போகாது. பழம் ஏதும் இருந்தாக் குடுங்க." பழம் இல்லை. அந்த அம்மா வாளியை மூடிவிட்டு, வரிசையில் தனக்குப் பின்னால் நின்ற பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் நீயாவது சாப்பிடு என்று நீட்டினார். தண்டனை பெறாத கைதி தன் செலவில் வெளியிலிருந்து உணவும் உடையும் பெறுவதற்கு, சோதனைக்கும் விதிகளுக்கும் உட்பட்டு, பழைய சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் வீட்டுச் சமையல் உள்ளே போவதில்லை, விஷம், போதைப்பொருள் ஆகியவற்றின் அச்சம்தான் காரணம். பழம், பிரிக்காத பிஸ்கட் பொட்டலம், உடை ஆகியவற்றை ஏற்பதா என்பது சிறைக்குச் சிறை மாறும், கேட்டுக்கொண்டு வாங்குங்கள். தம்பி மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மாத்திரையைவிட மருத்துவரின் சீட்டுதான் முக்கியம். அதைச் சிறை மருத்துவரிடம் சேர்த்தால் மருந்தை அவர்கள் தருவார்கள். நிலைமை மோசமானால் வழிக்காவலோடு, அதாவது போலீஸ் துணையோடு, அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

யாழ்ப்பாணச் சிறையோடு ஒப்பிட்டுக் கேட்டீர்கள். எல்லை தாண்டியதாகக் கைதான நம் மீனவர்கள் அங்கே அந்நிய நாட்டவர்கள். இலங்கையின் 1979ஆம் ஆண்டு வெளிநாட்டு மீன்பிடிப் படகுகள் சட்டப்படி ஊர்காவற்றுறை, மன்னார் போன்ற நீதிமன்றங்களில் அவர்களை நிறுத்துகிறார்கள்; 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். கடவுச்சீட்டே இல்லாத குடும்பம் அங்கே போய்ப் பார்ப்பது நடவாத காரியம். யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் அதிகாரிகள்தான் பார்க்க முடியும், இங்கிருந்து மீன்வளத் துறை, மாவட்ட ஆட்சியர் வழியாகத்தான் செய்தி போகும். அங்கே விடுதலை என்பது சட்டமும் அரசியலும் சேர்ந்து தீர்மானிப்பது. 2014இல் போதைப்பொருள் வழக்கில் கொழும்பு நீதிமன்றம் தங்கச்சிமடம் மீனவர்கள் ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்து, சில வாரங்களிலேயே அந்நாட்டு அதிபர் மன்னித்து அனுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே உங்கள் தம்பி சொந்த நாட்டின் குடிமகன். பார்வை, வழக்கறிஞர், ஜாமீன், மேல்முறையீடு எல்லாம் உரிமையாக அவருக்கு உண்டு. அதிபரின் மனது இளக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, மனுவைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் போட வேண்டும், அவ்வளவுதான்.

வழக்கறிஞர் வைக்கப் பணம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அதுவும் மீன்பிடித் தடைக்காலம் நடக்கும்போது என்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில் விசைப்படகுக் குடும்பங்களில் கையிருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தம்பியே சிறைக்குள்ளிருந்து கண்காணிப்பாளர் மூலம் விண்ணப்பம் அனுப்பலாம். வழக்கறிஞர் சிறையில் அவரைச் சந்திக்கும்போது மூன்றாவது ஆள் உடனிருந்து கேட்க முடியாது. இலவச வழக்கறிஞர் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்ற எண்ணம் நம் ஊர்களில் இருக்கிறது. சிலர் அப்படித்தான், பணம் வாங்குபவர்களிலும் சிலர் அப்படித்தான்.

ரிமாண்டை ஒரே தடவையில் 15 நாளுக்கு மேல் நீட்டிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் வாய்தா போடும்போது கைதியை நேரிலோ காணொலியிலோ நடுவர் பார்க்க வேண்டும். இப்போது பெரும்பாலும் காணொலிதான், அதனால் நீதிமன்ற வராந்தாவில் தம்பியைப் பார்த்துவிடலாம் என்று எண்ணிக் காத்திருந்து ஏமாறாதீர்கள். அடுத்த வாய்தா எப்போது என்பதை இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

கொலை முயற்சி வழக்கில் நடுவர் பொதுவாக ஜாமீன் தர மாட்டார். ராமநாதபுரம் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அங்கே தள்ளுபடியானால் மதுரையில் ஒத்தக்கடை அருகேயுள்ள உயர் நீதிமன்றக் கிளை. தள்ளுபடி என்றதும் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அடிபட்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியது, விசாரணை பெரும்பாலும் முடிந்தது போன்ற மாற்றங்கள் ஏற்பட்ட பிறகு அதே நீதிமன்றத்தில் மறுபடியும் கேட்கலாம். இன்னொரு வழியையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187ஆம் பிரிவின்படி, ஆயுள் தண்டனை அல்லது பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீனில் போவது கைதியின் உரிமை. உங்கள் தம்பியின் வழக்குக்கு 90 நாள் கணக்கு. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் அது தானாகக் கிடைக்காது. கெடு முடிந்ததும் மனுப் போட வேண்டும், அதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வழக்கறிஞரிடம் இந்தத் தேதியை இப்போதே கேட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். உச்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டால், முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு இருந்துவிட்டால், விட வேண்டும் என்ற, அதே சட்டத்தின் 479ஆம் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயுள் தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்கு அது பொருந்தாது. காயம் ஏற்படுத்திய கொலை முயற்சிக்கு ஆயுள் தண்டனை வரை உண்டு என்பதால் அதை நம்பியிருக்க வேண்டாம்.

மதுரைக்கு மாற்றுவார்களா என்றால், மாற்றலாம். இட நெருக்கடி, உள்ளே தகராறு, பாதுகாப்பு என்று காரணங்கள் பல. பெரிதாக அஞ்ச வேண்டிய காரணம் ஒன்று உண்டு: தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், குண்டாஸ் என்று எல்லோரும் சொல்வது. சிறையில் இருக்கும்போதே மாவட்ட ஆட்சியரின் தடுப்புக் காவல் உத்தரவும் அதற்கான ஆவணத் தொகுப்பும் கைதியிடம் வந்து சேரும். அது வந்துவிட்டால் வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் வெளியே வர முடியாது. 12 மாதம் வரை வைத்திருக்கலாம். அதற்கு ஜாமீன் மனு போடுவது வீண். அரசுக்கும், இத்தகைய உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் முறையீடு அனுப்ப வேண்டும், மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுப் போட வேண்டும். கொடுத்த ஆவணம் படிக்க முடியாதபடி மங்கலாக இருந்தது, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதமானது போன்ற காரணங்களுக்காகவே இத்தகைய உத்தரவுகள் பல ரத்தாகியிருக்கின்றன. ஆகவே அந்தத் தொகுப்பை ஒரு தாள்கூடத் தொலையாமல் வழக்கறிஞரிடம் சேர்க்க வேண்டும். மதுரை மத்திய சிறை அரசரடிப் பக்கம் புது ஜெயில் ரோட்டில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் மனுப் பார்ப்பதற்கு ஒரு முழு நாள் போய்விடும்.

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வாரக்கணக்கில் உள்ளே கிடப்பவர்களை நம் கடற்கரையில் நான் அதிகம் பார்க்கிறேன். காரணம் பிணைதாரர். பொதுவாக இரண்டு பேர் கேட்பார்கள்; ஆதார், ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது போன்றவற்றைப் பார்ப்பார்கள். கரையோரக் குப்பங்களில் பலருக்குக் குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா கிடையாது, புறம்போக்கில் கட்டியது. வரி ரசீது இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும். பெயர்க் குழப்பம் இன்னும் மோசம். கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், ரேஷன் அட்டையில் கூப்பிடும் பெயர், ஆதாரில் இரண்டையும் சேர்த்து மூன்றாவதாக ஒன்று. அந்தோணிசாமி ஓரிடத்தில் அந்தோனிச்சாமி ஆகியிருப்பார். முஸ்லிம் குடும்பங்களில் முகம்மது, முஹம்மது, வெறும் எம். என்று மூன்று விதம். நடுவர் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினால் குறை சொல்ல முடியாது, போலிப் பிணைகள் நிறையவே வருகின்றன. அதனால் ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே, பெயரும் தந்தை பெயரும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேரை உறவில் தேடி வையுங்கள். படகு முதலாளி வருகிறேன் என்பார், அன்று காலை கடலில் இருப்பார். அவரை மட்டும் நம்பாமல் மூன்றாவதாக ஒருவரையும் தயாராக வையுங்கள். பிணை கொடுக்க முடியாமல் ஏழு நாள் கடந்தால் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் கடந்தால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இதை வழக்கறிஞருக்கு நினைவுபடுத்தத் தயங்க வேண்டாம்.

வழக்கு தண்டனையில் முடிந்தால் என்ன என்பதை இப்போதைக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்ளே இருந்த நாள்கள் தண்டனையில் கழியும். மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். பரோல் என்று மக்கள் சொல்லும் விடுப்பு, 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி தண்டனைக் கைதிகளுக்கு உரியது. விசாரணைக் கைதியின் வீட்டில் சாவோ கல்யாணமோ என்றால் சிறையில் விடுப்புக் கேட்டுப் பயனில்லை. நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீனோ வழிக்காவலோடு போய்வர அனுமதியோ கேட்க வேண்டும்.

விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்ததும், அவர் மீது வேறு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காக நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு, ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் வாசல் வரை வந்தவரை மறுபடி உள்ளே கொண்டுபோவார்கள். அதே மோதலுக்கு இரண்டு காவல் நிலையங்களில் வழக்கு இருக்கக்கூடும் என்பதால் இதை முன்கூட்டியே விசாரித்து, அந்த வழக்கிலும் ஜாமீன் வாங்கிவிட வேண்டும். மாலையில் கதவு அடைத்த பிறகு உத்தரவு வந்தால் மறுநாள் காலைதான். வெளியே வரும்போது சேர்க்கையில் வாங்கிவைத்த பொருள்களையும் கணக்கில் மீதியுள்ள பணத்தையும் பட்டியலோடு சரிபார்த்து வாங்கட்டும். அதற்கு மறுநாள் முதல் நிபந்தனைக் கையெழுத்து. மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவில் இருந்தால், வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் விசைப்படகில் அவர் ஏற முடியாது. காலையில் போய் மறுநாள் கரைக்கு வருபவர் ஒருநாள் கையெழுத்தைத் தவறவிட்டாலும் ஜாமீனை ரத்து செய்யக் காவல்துறை மனுப் போடலாம். சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்ட பிறகு, தொழில் கடல்தொழில் என்பதற்கு மீனவர் நலவாரிய அட்டையைச் சேர்த்து, நிபந்தனையை வாரம் ஒருமுறையாகத் தளர்த்தக் கேட்டு மனுப் போடுங்கள். கடலுக்குப் போகாத கிழமையைக் கையெழுத்து நாளாகக் கேட்கலாம். அந்த உத்தரவு கையில் கிடைக்கும் வரை அவர் கரையில்தான் இருக்க வேண்டும்.